கையெழுத்துப் போடாத டைரக்டர்

கல்லூரியிலிருந்து வெளியே போகும் ஆராய்ச்சிக் கட்டுரையோ திட்ட விண்ணப்பமோ எதுவானாலும் ஆராய்ச்சிப் பிரிவு டைரக்டரின் கையெழுத்து வேண்டும். ஹெப்சிபா அந்த நாற்காலிக்கு வருவதற்கு முன்னால் அது ஒரு சடங்கு. அவர் வந்த பிறகு அது ஒரு பரீட்சை ஆகிவிட்டது. கொடுத்த காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிப்பார். படிப்பதோடு விட்டாலும் பரவாயில்லை, கேள்வி கேட்பார். மற்ற ஊர்களில் டைரக்டர் என்பவர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே உங்களை உட்காரச் சொல்வார். இங்கே பேனா கைப்பைக்குள் இருக்கும், கைப்பை பீரோவுக்குள் இருக்கும்.

‘கையெழுத்துப் போடாத டைரக்டர்’ என்று அவருக்குப் பெயர் வைத்தவர் வேதியியல் பேராசிரியர் தங்கப்பாண்டியன். கல்லூரி ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்ததால் பெயர் இரண்டு பக்கமும் பரவியது. ஹெப்சிபாவின் காதுக்கும் எட்டியது. சிரித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

தங்கப்பாண்டியனுக்கு அந்த உரிமை உண்டு. ராஜபாளையத்தில் இருவரும் பி.எஸ்ஸி. ஒரே வகுப்பு. முதல் மதிப்பெண்ணுக்கு மூன்று வருஷமும் முட்டிக்கொண்டவர்கள். அவர் சோழபுரத்தில் காடு கழனி பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அண்ணன் பட்டாளம், தம்பி போலீஸ். வீட்டில் காக்கி போடாத ஒரே ஆண்பிள்ளை என்பதால் அவருடைய படிப்பின் மேல் யாருக்கும் பெரிய மதிப்பு இல்லை. ஹெப்சிபா ஸ்ரீவில்லிபுத்தூரில் சபைப் பள்ளிக்கூட வாத்தியாரின் மகள். படிப்பு முடிந்ததும் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்குப் போய் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து ஜெர்மனிக்குப் போனார். கடற்கரைக் கட்டடங்களுக்குள் இருக்கும் கம்பியைத் துரு தின்னாமல் காக்க ஒரு பூச்சு கண்டுபிடித்தார். மின்வேதியியல்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் அவர் பெயர் அடிபட்டது. தங்கப்பாண்டியனோ பகலில் வகுப்பெடுத்து, சனி ஞாயிறில் மதுரைக்கு பஸ் ஏறி, ஆமை நடையில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

அப்படிப்பட்ட ஹெப்சிபா ஊர்ப்பக்கம் திரும்பி, இதே கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து, சில வருஷங்களில் டைரக்டர் பதவியையும் ஒத்துக்கொண்டபோது தங்கப்பாண்டியனுக்கு வருத்தமும் வந்தது, உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. தங்கமான கையை ஃபைலுக்குள் புதைத்துவிட்டாளே என்று வருத்தம். இனிமேல் ஓட்டத்தில் நாம் மட்டும்தான் என்று சந்தோஷம். மனுஷ மனசு அப்படித்தான், மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் ஃபைலுக்குள் போன கை சும்மா இருக்கவில்லை. கரண்டு போய்ப் போய் வந்து சோதனைகள் பாதியில் செத்துக்கொண்டிருந்த ஆய்வகங்களுக்கு, மின்வாரிய ஆபீசில் நாள் கணக்கில் உட்கார்ந்து தனி லைன் வாங்கினார். மதுரையிலிருந்து வரும் ஆர்கான் வாயு சிலிண்டர், கான்ட்ராக்டருக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வந்துகொண்டிருந்தது. அதைச் செவ்வாய்க்கிழமை தவறாமல் வர வைத்தார். தீபாவளிக்கு ஒருதரம் பொங்கலுக்கு ஒருதரம் என்று கிடைத்த ஆராய்ச்சி மாணவர்களின் உதவித்தொகை, மாதம் பிறந்ததும் கைக்கு வந்தது. இதில் எதுவும் எந்தப் பத்திரிகையிலும் வராது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். தங்கப்பாண்டியன் உப்பையும் தின்றுவிட்டுக் குழம்பில் காரம் போதாது என்கிற ரகம். தனி லைனில் தன் மெஷினை ஓட்டிக்கொண்டே, டைரக்டர் ஆராய்ச்சியை விட்டுவிட்டார் என்று டீக்கடையில் புலம்புவார்.

அவருக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிப்பதுதான் இப்போது உலகமெல்லாம் பேச்சு. கரண்டைப் பாய்ச்சினால் பிரியும். ஆனால் சிக்கனமாகப் பிரிய வேண்டுமென்றால் பிளாட்டினம் வேண்டும், அது தங்கத்துக்குத் தங்கச்சி. தங்கப்பாண்டியன், ராஜபாளையத்து மில்களில் ஒதுக்கித் தள்ளுகிற கழிவுப் பஞ்சை வாங்கி வந்து, காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, இரும்பு உப்பைக் கொஞ்சம் சேர்த்து ஒரு கறுப்புப் பொடி செய்தார். அந்தப் பொடியைப் பூசிய தகட்டை அமிலத்துக்குள் விட்டுக் கரண்டு கொடுத்தால் சோடா உடைத்த மாதிரி குமிழி பொங்கியது. பிளாட்டினத்துக்குச் சமமாகப் பொங்கியது. அதிலும் அதிசயம், ஓட்ட ஓட்ட அதன் சுறுசுறுப்பு கூடிக்கொண்டே போனது. ஆராய்ச்சி மாணவி மாரிக்கனி ஒவ்வொரு சாயங்காலமும் கம்ப்யூட்டரில் அந்தக் கோடு மேலே ஏறுவதைக் காட்டும்போது தங்கப்பாண்டியனுக்கு மனசு நிறைந்துபோகும். சோழபுரத்துக்குப் போய் அண்ணனிடம் சொன்னார். அண்ணன் முழுசாகக் கேட்டுவிட்டு, இதற்கு மெடல் உண்டா என்று விசாரித்தார்.

மெடல் இல்லை, அதைவிடப் பெரிய ஒன்று காத்திருந்தது. தென் மாவட்டங்களில் ஒரு ஹைட்ரஜன் ஆய்வு மையம் அமைக்க அரசாங்கம் முடிவு செய்து, அதற்கான குழு கல்லூரி கல்லூரியாகப் பார்த்துக்கொண்டு வந்தது. வருகிற புதன்கிழமை இங்கே வருகிறார்கள். மையம் கிடைத்தால் தங்கப்பாண்டியன்தான் தலைவர். ஓய்வு பெற இரண்டே வருஷம் இருக்கிற மனிதர். வாழ்நாளெல்லாம் பக்கத்து இலைப் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தன் இலைக்கே வந்திருக்கிறது. டைரக்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெப்சிபா விண்ணப்பத்தைப் படித்தார். கடைசிப் பக்கத்துக் கோட்டுப் படத்தில் அவர் கண் நின்றது. தனியாக இருக்கும்போது இருவரும் பழைய வகுப்புத் தோழர்கள்தான்.

“இது நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போகுதே பாண்டி. எதனால?”

“சரக்கு நல்ல சரக்கு. அதான் கூடுது.”

“ஓட ஓடச் செருப்பு தேயத்தானே செய்யும்? வளருதுன்னா எங்கயிருந்தோ தோலு வருதுன்னு அர்த்தம். எதுத்தாப்புல என்ன கம்பி போட்டுருக்க?”

“நீ வாங்கிக் குடுத்த பிளாட்டினம்தான்.”

அந்தக் கம்பிக்கு ஒரு கதை உண்டு. பொடி பூசிய தகடு ஒரு பக்கம் இருந்தால், கரண்டு போய்த் திரும்ப எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பி வேண்டும். முதலில் அங்கே கிராஃபைட் குச்சிதான் இருந்தது, பென்சிலுக்குள் இருக்கிற அதே சாமான். வெளிநாட்டுப் பத்திரிகைப் படங்களில் எல்லாம் பிளாட்டினம் மின்னுகிறது, நாம் மட்டும் பென்சிலைச் செருகிக்கொண்டிருப்பதா என்று தங்கப்பாண்டியனுக்குக் குறை. ஹெப்சிபா பர்ச்சேஸ் கமிட்டியோடு மல்லுக்கட்டி வாங்கித் தந்தார். அன்றிலிருந்து கம்பிக்கு நகை மரியாதை. ஆபீஸ் சூப்பிரண்டு பாண்டீஸ்வரி காலையில் பீரோவைத் திறந்து கொடுப்பார், சாயங்காலம் வாங்கிப் பூட்டுவார். ஆயுத பூஜைக்கு வெற்றிலை மேல் வைத்துச் சந்தனம் தொட்டு வைத்தார்கள். பூஜையில் வைத்த பொருளைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்?

ஹெப்சிபா விண்ணப்பத்தை மூடினார். “கிராஃபைட்ட மாட்டி ஒரு தடவ ஓட்டிப் பாரு. பொறவு கையெழுத்துப் போடுதேன்.”

தங்கப்பாண்டியனுக்குக் கோபம் உச்சியில் ஏறியது. இன்னும் நாலைந்து நாளில் ஆட்கள் வருகிறார்கள், இப்போதுதான் இவளுக்குச் சந்தேகம் முளைக்கிறது. எழுந்து நின்று, இத்தனை வருஷம் டீக்கடையில் சொன்னதை நேருக்கு நேர் சொன்னார்.

“நீ ஆராய்ச்சிய விட்டுட்ட ஹெப்சி. விடாதவன் செய்யுததப் பாத்தா எரியத்தான் செய்யும்.”

“எரியுதுதான்,” என்றார் ஹெப்சிபா. “நாளைக்குக் காலைல லேபுக்கு வாரேன்.”

அந்தப் பதிலை வைத்துக்கொண்டு சண்டை போடவும் முடியவில்லை. கம்பியை ஒப்படைக்க ஆபீசுக்குப் போனபோது, பாண்டீஸ்வரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு சங்கதி சொன்னார். மையம் வந்தால் ஹெப்சிபாவுக்கு டைரக்டர் பதவி இன்னும் இரண்டு வருஷம், ஓய்வு பெறும் வரைக்கும் நீட்டிப்பு. வராவிட்டால் ஜூனில் வேறு ஆள், தாளாளரின் சொந்தக்காரர், இப்போதே தயார். தாளாளர் இதை ஹெப்சிபாவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். தங்கப்பாண்டியன் வண்டியை எடுத்துக்கொண்டு போகும் வழியெல்லாம் யோசித்தார். ஒரு கையெழுத்துப் போட்டால் அவள் நாற்காலியும் மிஞ்சும். வயிற்றெரிச்சல் என்றால் தன் சோற்றிலேயே யாராவது மண்ணைப் போட்டுக்கொள்வார்களா? கணக்கு ஒத்துவரவில்லை.

சனிக்கிழமை காலை ஹெப்சிபா சொன்னபடி வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை. பழைய தகடு வேண்டாம், புதுப் பொடி, புது அமிலம், நன்றாகக் கழுவிய குடுவை என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மாரிக்கனி எல்லாவற்றையும் மாட்டினாள். எதிர்ப்பக்கம் பழைய கிராஃபைட் குச்சி. ஹெப்சிபாவின் போன் அடித்தது, தாளாளர். அதை அணைத்துக் கைப்பைக்குள் போட்டார்.

கரண்டு பாய்ந்தது. தகட்டில் ஒன்றிரண்டு குமிழி சோம்பலாக ஒட்டிக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டரில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. கை தவறியிருக்கும் என்று தங்கப்பாண்டியன் முதலிலிருந்து தானே செய்தார். படுத்த கோடு எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஹெப்சிபா கேட்காமலேயே, பாண்டீஸ்வரியிடமிருந்து பிளாட்டினக் கம்பியை வாங்கி வந்து எதிர்ப்பக்கம் மாட்டினார். முதலில் ஒன்றுமில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது, யாரும் சாப்பிடப் போகவில்லை. கோடு மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தது.

விளக்கிச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. எதிர்ப்பக்கத்துப் பிளாட்டினம் அமிலத்தில் துளித்துளியாகக் கரைந்து, திரவத்தின் வழியாக நடந்து வந்து, இந்தப் பக்கத்துக் கரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இத்தனை நாளும் பொங்கிய குமிழி பஞ்சினுடையது இல்லை, பிளாட்டினத்தினுடையது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை. தங்கப்பாண்டியன் மாரிக்கனியைச் சாப்பிட அனுப்பினார். கண்ணாடியைக் கழற்றினார். அழுகை வந்தது, அழுதார்.

ஹெப்சிபா அவர் முகத்தைப் பார்க்காமல் குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீ கம்பி கேட்டப்பவே நான் யோசிச்சிருக்கணும். கமிட்டியோட சண்ட போடுத மும்முரத்துல கண்ணு அவிஞ்சுபோச்சு.”

“இந்த ரூமத் தாண்டி யாருக்கும் தெரியாது ஹெப்சி,” என்றார் தங்கப்பாண்டியன். சொல்லும்போதே அவருக்கு அசிங்கமாக இருந்தது. இருந்தும் சொன்னார். “புதன்கிழம தாண்டட்டும். மையம் வந்த பொறவு சரி பண்ணிக்கிடலாம்.”

ஹெப்சிபா ஸ்டூலை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நாளைக்கு எங்கயோ ஒரு பய இதப் படிப்பான். நம்பி, பஞ்சச் சுட்டு, கிராஃபைட்ட வச்சு ஓட்டிப் பாப்பான். அவனுக்கு வராது. நம்ம மேல சந்தேகப்பட மாட்டான் பாண்டி, தன் கைதான் சரியில்லன்னு நெனப்பான். மூணு வருசம் மண்டையப் போட்டு ஒடைப்பான். அவன் எவம்பெத்த பிள்ளயோ, அவன் மூணு வருசத்த நாம ரெண்டு பேரும் உக்காந்து தின்னுருவோம்.”

தங்கப்பாண்டியன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். மதுரைக்கு பஸ்ஸில் போய் வந்த தன் சனி ஞாயிறுகள் நினைவுக்கு வந்தன. அப்போது வராமல் போன எத்தனையோ சோதனைகளுக்குத் தன் கையைத்தான் அவரும் திட்டியிருக்கிறார். “உன் பதவி போயிரும்னு தெரியுமா?” என்று கேட்டார்.

“அவியதான் குடுத்தாவ, அவியளே எடுத்துக்கிடட்டும். எனக்கும் ஆச இல்லாம இல்ல. நேத்து நீ போன பொறவு பேனாவ எடுத்துட்டேன். இன்னும் செய்ய வேண்டியது எம்புட்டோ கெடக்கு, இந்த ஒண்ணுக்குக் கண்ண மூடிருவமான்னு தோணுச்சு.” எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “நான் போட மாட்டேன். நீ என்ன செய்யணும்னு நான் சொல்லல.”

செவ்வாய்க்கிழமை தாளாளர் தங்கப்பாண்டியனை வீட்டுக்கே கூப்பிட்டு விட்டார். காபி கொடுத்தார். கையெழுத்துப் போடாத காரணத்தை ஹெப்சிபா அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்த அம்மா போடாவிட்டால் போகிறது, தாளாளர் என்ற முறையில் நானே போட்டுவிட்டேன் என்று விண்ணப்பத்தைக் காட்டினார். பழைய கோட்டை மட்டும் காட்டுங்கள், புதுக் கோட்டை யாரும் கேட்கவில்லை, தலைவர் அறைக்கு ஏசி போடச் சொல்லியாயிற்று என்றார். வெளியே வந்தபோது தங்கப்பாண்டியனுக்குத் தெளிவாகப் புரிந்தது. இனிமேல் தடுக்க யாரும் இல்லை. இருந்த ஒரே தடையையும் தாளாளர் தாண்டிவிட்டார். தடுப்பதென்றால் தன்னைத் தானே தடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

புதன்கிழமை வாசலில் வாழை மரம், ஹாலில் பேனர், குழுவினருக்குக் கொடுக்கப் பால்கோவா டப்பாக்கள் அடுக்கு அடுக்காக. தங்கப்பாண்டியன் மேடையேறினார். கம்ப்யூட்டரில் இரண்டு ஃபைல் இருந்தது. ஒன்றில் ஏறுகிற கோடு மட்டும். இன்னொன்றில் இரண்டு கோடும். இரண்டையும் அவரே தயார் செய்திருந்தார், அதுவரைக்கும் அவருக்கே முடிவு தெரியாது. முன்வரிசையில் தாளாளர் சிரித்த முகமாகக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஹெப்சிபா எங்கே என்று தங்கப்பாண்டியன் தேடினார். அவர் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஹாலின் ஓரத்தில் குனிந்து, புரொஜெக்டருக்குப் போகிற வயரில் யார் காலும் தட்டாதபடி பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். தன்னைப் பதவியிலிருந்து இறக்கப்போகிற கூட்டம், அதுவும் தடங்கல் இல்லாமல் நடக்க வேண்டும் அந்த மனுஷிக்கு. தங்கப்பாண்டியன் இரண்டாவது ஃபைலைத் திறந்தார்.

ஏறுகிற கோட்டைக் காட்டினார். படுத்த கோட்டைக் காட்டினார். தன் பொடி பிளாட்டினத்துக்குச் சமம் இல்லை, அருகில்கூட இல்லை, எதிர்க்கம்பி கரைந்து வந்து ஏமாற்றியிருக்கிறது என்று ஊரறியச் சொன்னார்.  தாளாளரின் கால் ஆடுவது நின்றது. குழுத் தலைவி வயதான விஞ்ஞானி. கிராஃபைட் வைத்துப் பார்க்கச் சொன்னது யார் என்று கேட்டார். “எங்க டைரக்டர்” என்று தங்கப்பாண்டியன் கை காட்டினார். ஹெப்சிபா எழுந்து, பிளாட்டினம் வாங்கிக் கொடுத்ததும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நேர்மைக்கு மையம் பரிசாகக் கிடைத்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை. காட்ட ஒன்றும் இல்லாத இடத்துக்கு எப்படிக் கொடுப்பார்கள்? அது வேறு மாவட்டத்துக்குப் போனது. குழுவினர் பால்கோவா டப்பாக்களை மட்டும் மறுக்கவில்லை.

சொன்னபடி ஜூனில் புது டைரக்டர் வந்தார். ஹெப்சிபா பதவியில் கடைசியாகச் செய்த காரியம், மாரிக்கனியின் உதவித்தொகையை இன்னொரு வருஷம் நீட்டியது. வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியவளுக்கு அது வேண்டியிருந்தது. மறுநாள் காலை பேராசிரியர் ஹெப்சிபாவாக ஆய்வகத்துக்கு வந்து, சிங்க் பக்கத்தில் யாரும் விரும்பாத ஒரு மேசையைத் துடைத்து உட்கார்ந்தார். துருவும் பூச்சுமாகத் தன் பழைய வேலையை விட்ட இடத்தில் எடுத்தார். தங்கப்பாண்டியன் டீக்கடையில் அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். யாராவது பேச்செடுத்தால் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஐப்பசி மழை பிடித்த சமயம் தங்கப்பாண்டியனின் புதுக் கட்டுரை தயாரானது. கிராஃபைட் வைத்து, சுத்தமாகச் செய்தது. பொடி முன்னைவிடக் கொஞ்சம் தேறியிருந்தது, பெருமையடிக்கிற அளவுக்கு இல்லை. கையெழுத்துக்காகப் புது டைரக்டர் அறைக்குப் போனார். அந்த மனிதர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே வரவேற்றார். தங்கப்பாண்டியன் நாற்காலியில் முழுசாக உட்காருவதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது. தலைப்பைக்கூடப் படிக்கவில்லை. “டீ சாப்பிடுறீங்களா சார்?” என்றார்.

எத்தனையோ வருஷமாகத் தங்கப்பாண்டியன் வேண்டிக்கொண்ட டைரக்டர் இவர்தான். வராந்தாவில் நின்று அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். அழகான கையெழுத்து. அதை வைத்துக்கொண்டு கட்டுரையை அனுப்ப அவருக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே எங்கே ஓட்டை இருக்கிறதோ, எவன் வீட்டுப் பிள்ளை இதை நம்பிக் கெடப்போகிறானோ. நேராக ஆய்வகத்துக்கு நடந்தார், சிங்க் பக்கத்து மேசைக்கு.

அங்கே இடம் இல்லை. இயற்பியல்காரர் ஒருவர் கட்டுரையோடு நின்றார். அவருக்குப் பின்னால் உயிரித் தொழில்நுட்பத்திலிருந்து ஒரு அம்மாள், அவருக்கும் பின்னால் மாரிக்கனியும் இன்னொரு மாணவியும். ஹெப்சிபா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு யாருடைய காகிதத்தையோ வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார்.

“டைரக்டர் கையெழுத்து இன்னும் ஆகலயா?” என்று இயற்பியல்காரரிடம் தங்கப்பாண்டியன் மெதுவாகக் கேட்டார்.

“அது நேத்தே ஆயிருச்சு சார்,” என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு. “இருந்தாலும் மேடம் ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா நிம்மதியா அனுப்பலாம்.”

தங்கப்பாண்டியன் தலையை ஆட்டிவிட்டு, மாணவிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.